என் மனைவி வாங்கிய மார்க்

வங்கி மேலாளர் நல்ல மனிதர். கெட்ட சேதியைச் சொல்வதற்கு முன்னால் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்தார். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, மேடத்துக்குத்தான் கிரெடிட் ஸ்கோர் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார். என் மனைவி மடியில் வைத்திருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று வாக்கில் இருக்கும். இரணியலில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டுக்காரரின் மகன் துபாயிலிருந்து மொத்தமாகத் திரும்பி வரப்போவதாகவும், மூன்று வருஷத்துக்குள் வீட்டை ஒழித்துத் தந்தால் உபகாரமாக இருக்கும் என்றும் அவர் சொல்லியிருந்தார். நாங்களும் எத்தனை காலம்தான் அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்கக் கேட்டுக்கொண்டு நிற்பது? கல்யாணத்தின்போது என் மாமனார் மகள் பேரில் வாங்கிக் கொடுத்த பத்து சென்ட் மனை ஊருக்குள்ளேயே சும்மா கிடந்தது. கடன் வாங்கி அதில் வீடு கட்டலாம் என்று போனோம். மனை அவள் பேரில் இருந்ததால் கடனிலும் அவள் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் அவளுடைய மார்க்கைப் பார்த்திருக்கிறார்கள்.

அதுவரை ஸ்கோர் என்றால் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட்தான். மேலாளர் பொறுமையாக விளக்கினார். நாம் எந்த வங்கியில் கடன் வாங்கினாலும் அந்த விவரம் ஓரிடத்துக்குப் போய்ச் சேருகிறதாம். சொன்ன தேதியில் கட்டினோமா, எத்தனை நாள் பிந்தினோம் என்று மாதாமாதம் குறித்து வைத்து, முந்நூறிலிருந்து தொள்ளாயிரத்துக்குள் ஓர் எண்ணைப் போடுகிறார்களாம். எழுநூற்றைம்பதுக்கு மேலே இருந்தால் வங்கிகள் சிரித்த முகத்தோடு உட்காரச் சொல்லும். எனக்கு எண்ணூறை ஒட்டி இருந்தது. நான் செய்த சாதனை என்னவென்றால், பைக் வாங்கக் கடன் எடுத்தேன், அதை மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அறுநூற்று இருபத்துச் சொச்சம்.

என் மனைவி கொட்டாரம் ஊர்க்காரி. வயலும் வரப்புமாக வளர்ந்தவள். வாய் சும்மா இருக்காது. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் வழியில் போகிற மாடு வரைக்கும் ஒரு விமர்சனம் சொல்லுவாள். அன்று ஒன்றும் பேசவில்லை. இரணியல் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றோம். ரயில் வருகிற சத்தம் கேட்கத் தொடங்கியபோதுதான் கேட்டாள்.

"நான் யாருக்க காசையாவது குடுக்காம இருந்திருக்கேனா?"

இல்லை என்றேன். ரயில் போனது, கேட் திறந்தது, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியைக் கிளப்பவே தோன்றவில்லை. அத்தனை கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவள் தனக்கென்று ஒரு ரூபாய் கடன் வாங்கியவள் இல்லை. ஆனால் வங்கிக்கு அவளைத் தெரிந்த அளவுக்கு என்னைத் தெரியாது. அதற்குக் காரணம் கொட்டாரத்தில் அவள் பேரில் இருந்த வயல். வயலுக்குத் தீர்வை கட்டிய ரசீதைக் காட்டினால், விவசாயக் கடன் என்று குறைந்த வட்டிக்கு நகையை வைத்துப் பணம் வாங்கலாம். எங்கள் பக்கத்தில் நகையைப் பண்டம் என்போம், அடகை பணயம் என்போம். வயல் இல்லாத பெண்கள் தங்கள் பண்டத்தை வயல் உள்ளவளிடம் கொடுத்து, அவள் பேரில் பணயம் வைத்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். சட்டப்படி சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் நகையை உரசிப் பார்க்கிறவருக்கே யாருடைய வளையல் என்று தெரியும், அவரும் சிரித்துக்கொண்டு உரசுவார். வட்டி கட்டுகிற நாள் வந்தால் உரியவள் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பாள், என் மனைவி கொண்டுபோய்க் கட்டுவாள். கையெழுத்துப் போடுவதைத் தவிர தனக்கு இதில் வேலை இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். என் மனைவியைவிட நாலைந்து வயது இளையவள். அவளுக்கு என் மனைவி அக்கா. என் மனைவிக்கு அவள் 'ஏட்டி'. மீன் விலையில் இருவரும் போடுகிற சண்டையைக் கேட்டால் இனிமேல் முகத்தில் முழிக்க மாட்டார்கள் என்று தோன்றும். சண்டை முடிந்ததும் அடுக்களை வாசலில் உட்கார்ந்து ஒன்றாகத் தேயிலை குடிப்பார்கள்.

சுனாமி அலை வந்த வருஷம் அவளுடைய கழுத்துச் செயின் என் மனைவி பேரில் பணயத்தில் இருந்தது. கடல் அவளிடமிருந்து வீட்டைக் கொண்டுபோயிற்று, புருஷனின் வள்ளத்தைக் கொண்டுபோயிற்று. ஆட்கள் உயிரோடு மிஞ்சினார்கள். சில வாரம் கழித்து, யாரோ கொடுத்த சேலையில் எங்கள் வாசலில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, உங்க பேருல கெடந்ததினால அது ஒண்ணுதான் தப்பிச்சு" என்றாள். அழுதது என் மனைவிதான். பிறகு அந்தச் செயினை மீட்டுத்தான் புது வள்ளத்துக்குப் பங்கு போட்டார்கள் என்பதும், அது மறுபடியும் மறுபடியும் பணயத்துக்குப் போய் வந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

கிரெடிட் ரிப்போர்ட் வேண்டுமென்று எழுதி, அதற்கான கட்டணத்தை டிடி எடுத்து, அடையாள அட்டையின் நகலையும் சேர்த்துத் தபாலில் அனுப்பினோம். தன்னுடைய ரிப்போர்ட்டைத் தானே கேட்டால் மார்க் இன்னும் குறையுமோ என்று என் மனைவிக்குப் பயம். நாமே கேட்டால் குறையாது, கடன் கொடு கொடு என்று பல வங்கிகளில் ஏறி இறங்கினால்தான் கொஞ்சம் குறையும் என்று மேலாளர் சொல்லியிருந்ததை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ரிப்போர்ட் வந்ததும் அடுக்களையில் உட்கார்ந்து படித்தோம். நான் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறவன். கட்டங்களைக் கண்டால் எனக்குத் தைரியம் வரும். ஒவ்வொரு நகைக்கடனுக்கும் ஒரு பத்தி. எவ்வளவு வாங்கியது, மிச்சம் எவ்வளவு, எந்த மாதம் எத்தனை நாள் பிந்தியது. கடன் தொகையை நான் வாசித்தால் போதும், அவள் ஆளைச் சொல்லிவிடுவாள். இது தையல்காரியின் வளையல், மகளுக்கு சடங்கு வைத்தபோது. இது எதிர்வீட்டு மயினியின் கம்மல், மகனை சவுதிக்கு அனுப்பியபோது. வாசிக்க வாசிக்க அவள் முகத்தில் இருந்த வாட்டம் கொஞ்சம் குறைந்தது.

"எல்லாரும் கெட்டியாச்சா, இல்லியா? அது இதுல போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

போட்டிருந்தது. முடிந்த கடன் எல்லாவற்றுக்கும் நேரே நிலுவை பூஜ்யம். ஒருத்திகூட ஏமாற்றவில்லை. ஆனால் பிந்திக் கட்டியிருந்தார்கள். சிலர் ஒரு மாதம், சிலர் இரண்டு மாதத்துக்கு மேல். அதிகமாகப் பிந்தியிருந்தது அந்தக் கழுத்துச் செயின்தான். எப்படியும் வந்துவிடும் என்பது என் மனைவியின் கணக்கு. எப்போது வந்தது என்பது வங்கியின் கணக்கு. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை, ஆனால் வீட்டுக் கடனைத் தருவது வங்கி.

மேலாளரிடம் மறுபடியும் போனோம். மற்றவர்களின் நகையை உடனே கணக்கு முடிக்க வேண்டும், அதன்பிறகு ஒரு வருஷமாவது ஒரு நாள்கூடப் பிந்தாமல் இருக்க வேண்டும், அப்புறம் வாருங்கள் என்றார். என் மனைவி ஒவ்வொருத்தியாகப் போய்ப் பார்த்துச் சொன்னாள். பலரும் புரிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும், வீடு கட்டப் போகிற பவுசு என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். மீன்காரியிடம் மட்டும் என் மனைவி விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள், தனக்கு இந்த வயதில் ஃபெயில் மார்க் போட்டுவிட்டார்கள் என்று. கணக்கை முடிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் மீன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் வேறு யாரிடமோ வாங்கிய சாளையைக் குழம்பு வைத்துவிட்டு, இதெல்லாம் மீனா என்று தட்டைத் தள்ளினாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பைக்கை எடுக்கச் சொன்னாள்.

மணவாளக்குறிச்சி தாண்டி, கறுப்பும் சிவப்புமாய் மணல் கிடக்கிற கரையோரம் அவளுடைய வீடு. அலைக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. எங்களைக் கண்டதும் வெலவெலத்துப் போனாள். விசாரித்தால், கந்துவட்டிக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் பணம் தந்ததும் செயினைத் திருப்பி, அக்கா பேரைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் எங்கள் தெருவுக்கு வருவதாக இருந்தாளாம். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன் என்றாள். அவன் கேட்ட வட்டியைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது.

"சவத்த விடு ஏட்டி" என்றாள் என் மனைவி. "மார்க்கு போனா இன்னொருக்கா வாங்கிக்கிடலாம். நீ அவன்கிட்ட கைநீட்டினா கரையேற மாட்டே."

நான் ரிப்போர்ட்டைப் பையோடு கொண்டு போயிருந்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. கணக்குப் பிரிவுக்காரன் கையில் காகிதம் இல்லாமல் எங்கும் போகமாட்டான். அதை எடுத்துச் செயினின் பத்தியைக் காட்டி, ஒவ்வொரு தடவையும் எந்தெந்த மாதங்களில் பிந்தியிருக்கிறது என்று வாசித்தேன். ஜூன், ஜூலை. அதற்கு முந்தின தடவையும் ஜூன், ஜூலை. ஆகஸ்ட் கடைசியில் மொத்தமாகக் கட்டியிருக்கிறது. வாசிக்கும்போதே எனக்கு என்னவோ தட்டுப்பட்டது.

"ஆனி ஆடியில கடலுக்குப் போவ முடியாதே சாரே" என்றாள் அவள். "போட்டெல்லாம் கெட்டிக் கெடக்கும். வள்ளமும் எறங்காது. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கும்ணு வைகாசியிலதான் எப்பவும் பணயம் வைப்பேன். அதுனால மறுவருசமும் அந்த நேரத்துலதான் கெடு வருது. மாசியில எனக்க கையில காசு கெடக்கும். அப்போ ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக மூன்று பேருக்கும் தோன்றாத ஒன்று அந்த வீட்டு முற்றத்தில் ஒரே நேரத்தில் தோன்றியது. நகைக்கடனுக்கு ஒரு வருஷம் தவணை என்றால், வைத்த மாதத்தில்தான் கெடு வரும். வைகாசிக் கடைசியில் வைத்தால், கடல் அடைத்துக் கிடக்கும்போதுதான் வங்கி கையை நீட்டும். மாசியில் வைத்தால் மாசியில் நீட்டும். வயலில் எப்போது விதைத்தால் எப்போது அறுக்கலாம் என்று தெரிந்த என் மனைவிக்கும், எந்த மாதம் என்ன மீன் படும் என்று தெரிந்த அவளுக்கும், கடனுக்கும் ஒரு பருவம் உண்டு என்று மட்டும் படாமலே போயிருந்தது. எனக்கோ சம்பளத்தில் பிடித்துக்கொள்கிற பருவம் ஒன்றுதான் தெரியும்.

அந்த வருஷம் வைகாசிக் கெடுவுக்கு மட்டும் நாங்கள் கைப்பணத்தைப் போட்டுச் செயினைத் திருப்பினோம். ஆவணியில் வள்ளம் இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக மீனும் பணமுமாக அதை அடைத்தாள். மாசி பிறந்ததும், வைகாசிப் பள்ளிக்கூடச் செலவுக்கு முன்கூட்டியே எடுத்து வைக்க, செயின் மறுபடியும் பணயத்துக்குப் போயிற்று, என் மனைவி பேரிலேயே. மேலாளர் சொன்னதற்கு இது மாறு என்று நான் முணுமுணுத்தேன். மற்றவர்களின் நகையைத்தானே வைக்கக்கூடாது என்றார், இது மற்றவளுடையது இல்லை என்று அவள் பதில் சொன்னாள். எனக்கு உள்ளூர பயம் இருந்தது. ஒரு நாள் பிந்தினால் வீடு போய்விடும்.

அதிலிருந்து மீன்காரிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சுமையை இறக்கியதும், "எக்கா, மார்க்கு ஏறிச்சா?" என்று கேட்பாள். தினமும் ஏறுகிற சாமானில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். கேட்பதை நிறுத்தவில்லை. மார்க்கு ஏறுவதற்கு என்று சொல்லி ஒரு கூறு மீன் கூடுதலாகப் போட்டாள். விலையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த மாசியில் கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத நோட்டுகளை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். என் மனைவி இரண்டு தடவை எண்ணி, அன்றைக்கே போய்க் கட்டினாள். இரண்டு மாதம் பொறுத்து மறுபடியும் டிடி எடுத்து ரிப்போர்ட்டுக்கு எழுதினோம். உறையைப் பிரிக்க என்னை விடவில்லை. அவளே பிரித்தாள். எழுநூற்று அறுபதைத் தாண்டியிருந்தது. சத்தமாக வாசித்தாள், பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பத்தாம் வகுப்பில் நான் பாஸானபோதுகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கடன் கிடைத்தது. வீட்டுக்காரரின் மகன் பெட்டிகளோடு வந்து இறங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் புது வீட்டில் பால் காய்ச்சினோம். அடுக்களைக்குப் பின்னால், வெளிச்சுவரை ஒட்டி, தோள் உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. வங்கியிலிருந்து மதிப்பிட வந்த இன்ஜினியர் இது என்னத்துக்கு என்று கேட்டார். மீன்காரி தலையிலிருக்கிற சருவத்தை யாரும் பிடித்து இறக்காமல் தானே இறக்கி வைக்க என்று என் மனைவி சொன்னாள். அவர் குறித்துக்கொண்டாரா என்று தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கழித்து மீன்காரிக்கு ஓர் ஆசை வந்தது. கழுத்து வலி தாங்க முடியவில்லை, ஒரு ஸ்கூட்டர் வாங்கி, பின்னால் ஐஸ்பெட்டி கட்டி விற்கப் போகிறேன் என்றாள். கடனுக்கு அவளை நாங்களே வங்கிக்குக் கூட்டிப்போனோம். வேறு மேலாளர் வந்திருந்தார். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, இவர்கள் பேரில் ஒன்றுமே இல்லை, கடன் வாங்கியதாகவே விவரம் இல்லை என்றார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கடனே இல்லைண்ணு காட்டுதா?"

அதுதான் சிக்கல் என்று அவர் விளக்கினார். வாங்கித் திருப்பிக் கட்டியிருந்தால்தானே கட்டுகிறவர் என்று தெரியும். ஒன்றுமே இல்லாதவரை எப்படி நம்புவது? அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். அலைக்கு முன்னும் பின்னுமாக எத்தனை வருஷம், எத்தனை கெடு, ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை. அத்தனையும் இன்னொருத்தி பேரில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் மனைவி பையைத் திறந்து தன்னுடைய ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அவள் அதைக் கொண்டு வந்திருந்தது எனக்கே தெரியாது. செயின் பத்தியில் விரலை வைத்து, "இதெல்லாம் இவ கெட்டினது சார். எனக்க மார்க்கு இல்ல, இவளுக்குள்ளது" என்றாள்.

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் மார்க்கை இன்னொருவருக்கு மாற்ற அந்தக் கம்ப்யூட்டரில் வழி இல்லை. ஆனால் அவர் கோபப்படவும் இல்லை. வட்டி கொஞ்சம் கூட இருக்கும், பரவாயில்லை, செயினை இவர்கள் பேரிலேயே வையுங்கள், ஒரு வருஷம் சரியாகக் கட்டட்டும், பிறகு ஸ்கூட்டருக்கு நானே கூப்பிடுகிறேன் என்றார். அவள் அங்கேயே செயினைக் கழற்றினாள். ரசீது வந்ததும் என்னிடம் நீட்டி, இதில் தன் பேர் எங்கே கிடக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஸ்கூட்டர் பிறகு வந்தது. ஐஸ்பெட்டியோடு அவள் தெருவுக்குள் திரும்பும்போது அடிக்கிற ஹாரன் எனக்கு இப்போது பழகிவிட்டது. பின்சுவர் மேடையில் பூனை தூங்குகிறது. ஆனால் எனக்கு அதிகமும் நினைவில் நிற்பது, ஸ்கூட்டருக்கு முன்னால், அவள் பேரில் விழுந்த முதல் கெடு. மாசி மாதம்தான். நேரே வங்கிக்குப் போக வேண்டியவள் காலையில் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். பிளாஸ்டிக் பையை எடுத்து என் மனைவியிடம் நீட்டினாள்.

"எங்கிட்ட எதுக்கு ஏட்டி? இப்போ உனக்க பேருலல்லா கெடக்கு."

"எண்ணித் தாங்கக்கா" என்றாள் அவள். "நீங்க எண்ணினாத்தான் எனக்குக் கெட்டினது மாதிரி இருக்கு."

என் மனைவி படியில் உட்கார்ந்து, நோட்டுகளை மடியில் விரித்து, எண்ணத் தொடங்கினாள்.